எந்த முக்கு பூஜ்யம்

மூன்றரை மணிக்குச் சங்கரகோமதி அந்தக் கடைசிக் கேள்வியை ஆறாவது தடவையாக வாசித்தாள். ஆறு தடவை வாசித்தால் அது மனசு இரங்கிப் பதிலைச் சொல்லிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, அது பாட்டுக்குத் தாளில் கிடந்தது. நாலு முனைகள், அஞ்சு ரெசிஸ்டர்கள், மேலே இரண்டு முனைகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு ஒரு பத்து வோல்ட் பேட்டரி. சி என்ற முனையிலிருந்து டி என்ற முனைக்கு எவ்வளவு கரண்ட் போகிறது, நோடல் முறையில் கண்டுபிடி. அவ்வளவுதான். பதினாறு மார்க். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, எழுதினவரைக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாஸுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, இது ஒன்று வந்தால் தாண்டிவிடும், வராவிட்டால் தாண்டாது. தலைக்கு மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சென்று முனகியது. ஜன்னலுக்கு வெளியே நாலு வழிச்சாலை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது, லாரிகள் தண்ணீருக்குள் போவதுபோல் சத்தமில்லாமல் போயின. ஹாலில் இருபது பேர், எல்லாம் அரியர் கோஷ்டி, இருபது இருபத்தொரு வயசுப் பிள்ளைகள். ஒன்றே முக்காலுக்கு இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்று "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்திரண்டு வயசு, கழுத்தில் தாலிச்சரடு, கையில் டிபன் பை. பரீட்சைக்குக் காவல் காக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். இவள் குனிந்த தலை நிமிராமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு சிரிப்பு ஓடியது பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் அவள் பிடரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய மாணவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் போட்ட அறிவிப்பு கூடப் படித்தவள் ஒருத்தி மூலம் வாட்ஸப்பில் வந்தது. கடைசி என்றால் கடைசி. இதற்கப்புறம் இன்னொரு கடைசி கிடையாது.

பி.இ. முடித்துப் பதினோரு வருஷம் என்று ஊரில் சொல்வார்கள், அதில் முடித்து என்ற ஒரு வார்த்தைதான் பொய், மற்றதெல்லாம் நிஜம். எல்லாப் பாடமும் பாஸ், இந்தச் சர்க்யூட் தியரி ஒன்று மட்டும் தொண்டையில் மாட்டின மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. எழுதுவாள், போகும், எழுதுவாள், போகும். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரு நாளில்தான் அத்தை வந்து தன் மகன் திரவியத்துக்குப் பெண் கேட்டாள். முறை மாப்பிள்ளை, சின்ன வயசிலிருந்து பார்த்த முகம், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான், ஐ.டி.ஐ. படிப்பு, குடி கிடையாது. அப்பா சந்தோஷமாகப் பத்திரிகை அடிக்கப் போனார். அச்சாபீஸ்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, பொண்ணு படிப்பு என்ன போடணும் என்று கேட்டிருக்கிறார், அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் பி.இ. என்று சொல்லிவிட்டார். புரூஃபைக் கொண்டுவந்து காட்டினபோது, "அப்பா, இன்னும் ரிசல்ட் வரலியே" என்றாள். "வந்துரும்லா" என்றார் அப்பா. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில், திருநிறைச்செல்வி ச. சங்கரகோமதி, பி.இ. அந்தப் புள்ளிகள்கூட எவ்வளவு அழகாக விழுந்திருந்தன. பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஐ.டி.ஐ. என்று போடுவதா வேண்டாமா என்று ஒரு யோசனை ஓடி, வேண்டாம், வெறும் பெயரே கம்பீரமாக இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ரிசல்ட் வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெளிய மூச்சு விடாத, அடுத்த தடவ எழுதிக்கிடலாம்" என்றார். அடுத்த தடவை மகள் வயிற்றில் இருந்தாள். அதற்கடுத்த தடவை மகளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் போய்ச்சேர்ந்துவிட்டார், அதோடு குடும்பத்தில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளாகச் சங்கரகோமதி பாக்கி. அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எங்க மருமவ இஞ்சினியராக்கும், வீட்டோட இருக்கா, அவளுக்கென்ன கொறச்சல். மகளின் பள்ளிக்கூட ஃபாரத்தில் தாயாரின் கல்வித்தகுதி என்ற கட்டத்தில் இவள் கையாலேயே பி.இ. என்று எழுதினாள். அன்றைக்குப் பேனா கொஞ்சம்கூட நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"அடிஷனல் ஷீட் வேணுமா... க்கா?" என்று கேட்டாள் காவலுக்கு நின்ற பெண். இவளைவிட ஏழெட்டு வயசு இளையவள், மேடம் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் மனசு மாறி அக்காவில் வந்து இறங்கினாள்.

"இன்னும் இதுவே முடியல" என்றாள் சங்கரகோமதி.

அந்தப் பெண் வினாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தப் பார்வையில் ஐயோ பாவம் இருந்ததா, இல்லை அது ஜன்னல் வெளிச்சமா, தெரியவில்லை. சங்கரகோமதி படத்தை மறுபடியும் வரைந்தாள். வரைந்தால் தெம்பாக இருக்கும். முனைகளுக்கு அவள் மனசுக்குள் வைத்த பெயர் முக்கு. கல்லூரிக் காலத்தில் ஒரு மண்ணும் விளங்காமல் உட்கார்ந்திருந்தபோது, இது என்ன பெரிய விஷயம், நம்ம ஊர்த் தெருமுக்குதானே என்று தோன்றியது, அன்றிலிருந்து அவளுக்கு எல்லா நோடும் முக்குதான். வயர் என்றால் தெரு. ரெசிஸ்டர் என்றால் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய சந்து. கரண்ட் என்பது ஆடித்தபசுக்கு வந்த கூட்டம். கோமதி அம்மனைப் பார்க்கக் கிழக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் ஜனம் வந்து தேரடி முக்கில் சேர்கிறது, ஆனால் அங்கே ஒருத்தரும் நின்றுவிட முடியாது, பின்னால் வருகிறவன் தள்ளுவான், எத்தனை பேர் உள்ளே வந்தார்களோ அத்தனை பேர் ஏதாவது ஒரு தெரு வழியாக வெளியே போயாக வேண்டும். இதைத்தான் புத்தகத்தில் பெரிய பெரிய வார்த்தையில் விதி என்று எழுதியிருக்கிறது. கண் சொருகியது. சேலைக்குள் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, அவள் ஏ முக்கிலிருந்து சி முக்குக்கு நடந்தாள், ஒரு ஓம், குட்டிச் சந்து, மல்லிகைப்பூ வாசனை. சியிலிருந்து பிக்கு மூணு ஓம், நீளமான சந்து, சாக்கடை ஓரமாகவே போக வேண்டும். சியிலிருந்து டிக்கு ஒரு ஓம். ஏயிலிருந்து டிக்கு மூணு. டியிலிருந்து பிக்கு ஒன்று. எல்லாத் தெருவிலும் எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடலாம், ரெண்டு பக்க முக்கின் உயரம் தெரிந்தால் போதும், வித்தியாசத்தைச் சந்தின் இடுக்கால் வகுத்தால் தீர்ந்தது. ஆனால் ஏக்கும் பிக்கும் நடுவில் இந்தப் பேட்டரி உட்கார்ந்திருக்கிறதே, இதற்குச் சந்தே கிடையாது. இதன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்று எதைக்கொண்டு எதை வகுப்பது? ஏ முக்கில் கணக்கு எழுதப் போனால் பேட்டரி வந்து மறிக்கிறது, பி முக்குக்குப் போனாலும் அதுவே. இதற்கு ஏதோ ஒரு வழி உண்டு, ரெண்டு முக்கையும் சேர்த்து வட்டம் போட்டு ஒரே முக்காகப் பாவிப்பார்கள், அதற்கு ஒரு பெயர்கூட உண்டு, போன வாரம் அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள், அந்த வாத்தியார் வட்டம் போட்ட நேரம் பார்த்து அத்தை வந்து பெருங்காயம் போட்டியா என்று கேட்டாள். பெருங்காயம் ஞாபகமிருக்கிறது. வட்டம் போய்விட்டது.

கீழே டி முக்கில் அவள் எர்த் குறி போட்டிருந்தாள், மூன்று கோடு, ஒன்றுக்குக் கீழ் ஒன்று சின்னதாக. அதுதான் பூஜ்யம். கீழே இருக்கிற நீளக் கம்பிதான் பூஜ்யம், அது அவளுக்குக் கேள்வியே இல்லாத விஷயம், தரை கீழேதானே இருக்கும். ஒருவேளை பி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால்? மைனஸ் என்று வந்தாலே அவளுக்குப் பயம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்த அந்தப் பரீட்சையில், இப்படித்தான் ஒரு கணக்கில் கடைசியில் மைனஸ் ஏழு என்று வந்தது. தரைக்குக் கீழே எப்படி வோல்டேஜ் இருக்கும், எங்கேயோ தப்பு என்று முழுப் பக்கத்தையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு வந்தாள். வெளியே வந்து மற்றவர்களிடம் கேட்டால் எல்லாருக்கும் மைனஸ் ஏழு. சரியான விடையைத் தன் கையாலேயே அடித்தவள். இதை அவள் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. யாரிடம் சொல்ல, திரவியத்திடமா? அவர் இப்போது வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சர்ட்டிபிகேட் வாங்கக் கூட்டமாக இருக்கும், மூணு மணி நேரம் ஆகும் என்று சொன்னதற்கு, தனியா எதுக்கு அலையணும், நானும் வாரேன் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். மில்லில் மோட்டார் பராமரிப்பு காண்டிராக்ட் கேட்டிருக்கிறார், விண்ணப்பத்தோடு பட்டதாரி இன்ஜினியர் ஒருத்தர் சான்றிதழ் வைக்க வேண்டுமாம். நம்ம வீட்லயே இருக்கே, என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார். ரெண்டு வருஷமாகக் கேட்கிறார், காலேஜில இருந்து இன்னும் வாங்கல அத்தான் என்று சொல்லிச் சொல்லி நாக்கே அந்த வாக்கியத்துக்குப் பழகிவிட்டது. நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். மற்ற வீடுகளில் ஆம்பிளைகள் வந்ததும் கடைக்கதையெல்லாம் கொட்டுவார்களாம், இவர் வார்னிஷ் வாசனையோடு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பிட்டு, மகளுக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு மோட்டாரைப் பற்றிக்கூட இவளிடம் வாய் திறந்ததில்லை. அந்தமட்டும் அம்மன் காப்பாற்றினாள் என்று இருப்பாள் சங்கரகோமதி. ஏதாவது சந்தேகம் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று கல்யாணமான புதுசில் கொஞ்சமா பயந்தாள்? அவர் கேட்கவே இல்லை.

நாலேகால். முன் பெஞ்சில் ஒரு பிள்ளை தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். சங்கரகோமதி டி முக்கின் மூன்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அந்தக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்திலிருந்து கழன்று மிதந்தன, இவள் தடுக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், தூக்கத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாத ஒரு இடம் அது. கேள்வித்தாளில் எர்த் இல்லையே. அதை நான்தானே போட்டேன். கேள்வி கொடுத்தவன் எங்கேயும் தரை என்று சொல்லவில்லை. கீழே வரைந்திருக்கிறான், அவ்வளவுதான், தாளைத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே மேலே. அவள் உண்மையிலேயே தாளைத் திருப்பிப் பார்த்தாள், காவல்காரப் பெண் சந்தேகமாக ஒரு எட்டு முன்னால் வந்தாள். பூஜ்யம் என்று ஒரு இடம் ஊரில் எங்கேயும் கிடையாது, நமக்கு எது சௌகரியமோ அதற்குப் பூஜ்யம் என்று பெயர். அப்படியானால் பியைப் பூஜ்யமாக வைத்தால்? பி பூஜ்யம் என்றால் பேட்டரியின் அந்தப் பக்கம் இருக்கிற ஏ பத்து. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை, பத்துதான். ஏ முக்கில் கணக்கே எழுத வேண்டாம். பேட்டரி வழியே எவ்வளவு போனால் எனக்கென்ன. சி ஒன்று, டி ஒன்று, ரெண்டே ரெண்டு தெரியாதது. மூன்று கோட்டை டியிலிருந்து அடித்துவிட்டு பியில் போட்டாள். சி முக்கில் வருகிறவர் போகிறவர் கணக்கை எழுதி மூணால் பெருக்கினால் ஏழு சி கழித்தல் மூணு டி, முப்பது. டி முக்கில் ஏழு டி கழித்தல் மூணு சி, பத்து. பேனா தானாக ஓடியது. சி ஆறு வோல்ட். டி நாலு வோல்ட். நடுவில் ஒரு ஓம், வித்தியாசம் ரெண்டு, சியிலிருந்து டிக்கு ரெண்டு ஆம்பியர். ரெண்டு. இவ்வளவு சின்ன எண்ணுக்காகவா.

அவள் நம்பவில்லை. நம்பாமல் இருந்து பழகினவள். மறுபடியும் பூஜ்யத்தைக் கீழே டிக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள், எல்லா முக்கிலிருந்தும் நாலைக் கழித்தால் போதுமே. ஏ ஆறு, சி ரெண்டு, டி பூஜ்யம், பி மைனஸ் நாலு. அந்த மைனஸ் நாலை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அது பாட்டுக்கு நாலு படி கீழே நிற்கிறது, நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால். சிக்கும் டிக்கும் நடுவில் இப்போதும் ரெண்டு, கரண்ட் இப்போதும் ரெண்டு ஆம்பியர், எந்தத் தெருவிலும் ஒரு ஆள் கூடவில்லை குறையவில்லை. எண்கள் எல்லாம் மாறிவிட்டன, ஊரில் ஒன்றும் மாறவில்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், மகள் முதன்முதலில் நடந்த அன்றைக்கு வந்தது மாதிரி அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தாவிட்டால் சிரித்திருப்பாள். பாஸ். இது நிச்சயம் பாஸ். இரண்டு மாசத்தில் சர்ட்டிபிகேட் தபாலில் வரும், வெளியே போய், தபால்ல அனுப்புவாகளாம் அத்தான் என்று சொன்னால் போதும், காலையில் பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ணிவைத்த வாக்கியம், இரண்டு மாசம் போனால் அது பொய்கூட இல்லை. பத்திரிகை, பள்ளிக்கூட ஃபாரம், அத்தையின் பேச்சு எல்லாமே பின்தேதியிட்டு நிஜமாகிவிடும், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. தப்பித்தாள். அப்புறமும் ஏதோ ஒன்று பாக்கி நிற்கிறது. இந்தக் கணக்கை யாரிடமாவது சொல்ல வேண்டும். இப்போதே. பாருங்களேன், பூஜ்யத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், படக்கென்று வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், கேட்கிறவனுக்குக் கரண்ட் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், கண்ணை விரித்துக் கேட்க வேண்டும். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கிறார், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் மட்டும் சொல்ல முடியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அல்லவா. இனி எப்போதுமே சொல்ல முடியாது. சர்ட்டிபிகேட் கையில் வந்த பிறகு இன்னும் முடியாது. சங்கரகோமதிக்கு அழுகை வந்தது. நூலைக் கோத்துத் தாள்களைக் கட்டிக் கொடுத்தாள்.

அஞ்சு மணிக்கு வெளியே வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. டீக்கடைப் பெஞ்சில் திரவியம் கால்மேல் கால் போட்டுப் பேப்பரை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார், இவளைக் கண்டதும் எழுந்தார்.

"கெடச்சிட்டா?"

தபால்ல என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"நான் சர்ட்டிபிகேட் வாங்க வரல அத்தான். பரீட்சை எழுதிட்டு வாரேன்."

"என்ன பரீட்சை?"

"ஒரு பேப்பர் பாஸாகல. சர்க்யூட் தியரி. நான் பி.இ. முடிக்கவே இல்ல. பத்திரிகைல போட்டது பொய்."

திரவியம் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்குமேல் மடிக்க முடியாமல் பெஞ்சில் வைத்தார். மில்லைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தாள். அத்தை முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்பார் என்று நினைத்தாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அப்பாக்கு மட்டும் தெரியும்."

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கல்யாணமான புதுசுல ஒரு மோட்டாரு வந்துச்சு. நான் கட்டிக் குடுத்து நாலு நாள்ல கருகிப்போய்த் திரும்பி வந்துச்சு. மறுபடியும் கட்டுனேன், மறுபடியும் கருகிட்டு. எனக்குப் பிடிபடவே இல்ல. வீட்ல இஞ்சினியர் இருக்கா, கேட்போம்னு வந்தேன். செருப்பக் கழத்திட்டேன். இதுகூடத் தெரியாத ஐ.டி.ஐ.காரனுக்கா வாக்கப்பட்டோம்னு நீ நெனச்சிருவியோன்னு திரும்பவும் மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். அன்னையோட வீட்ல தொழில் பேச்ச விட்டேன்." நிறுத்தி, "ஒம்பது வருஷம், கோமதி" என்றார். அது கோபமா, வேறு ஏதாவதா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் பேசாததற்கு அம்மனுக்கு நன்றி சொன்ன நாட்களெல்லாம் அவளுக்கு முன்னால் வந்து நின்றன.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை.

"அந்த மோட்டார் ஏன் அத்தான் கருகுச்சு?"

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். கேலி பண்ணுகிறாளோ என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக, பாதி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பின்னாலதான் தெரிஞ்சுது, மோட்டார்ல ஒண்ணும் இல்ல. தோட்டத்துல ஒரு ஃபியூஸ் போயிருக்கு, தோட்டத்துக்காரன் கவனிக்கல. மூணு பேஸ்ல ஓடவேண்டியது ரெண்டுலயே ஓடியிருக்கு. நின்னுருந்தாத் தப்பிச்சிருக்கும், ஓடிக்கிட்டே இருந்ததாலதான் கருகுச்சு."

"ஒரு பேஸ் போனா நின்னுராதா?"

"ஓடுறது நிக்காது. மத்த ரெண்டும் சேந்து இழுக்கும், அதுல சூடாயிரும்."

சங்கரகோமதி யோசித்துப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரி ஆட்டிப் பழகின தலை, இப்போதும் ஆடத்தான் பார்த்தது.

"எனக்குப் புரியல அத்தான்" என்றாள். "இன்னொருதரம் சொல்லுங்க."